இந்தியக் குடியரசு நாணயங்களை வகைபிரிப்பதும் புதிய வரவுகளைக் கண்டறிவதும்

நாணயம் சேர்ப்பவர்களில் பெரும்பாலோரிடம் ஆல்பத்துக்கு முன்பே ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். தாத்தா காலத்து அணாக்கள், அலுமினிய மூன்று பைசாக்கள், கடையில் மீதிச் சில்லறையாக வந்த நினைவு நாணயங்கள் என எல்லாம் அதில் ஒன்றாகக் கிடக்கும். டப்பா நிறைந்துகொண்டே போகும். ஆனால் நம்மிடம் என்ன இருக்கிறது, இன்று கைக்கு வந்தது ஏற்கெனவே இருப்பதா, இல்லாததா என்ற கேள்விகளுக்கு அதனால் பதில் சொல்ல முடியாது. வகைபிரிப்பதன் முதல் பயன் அழகு என்று பலர் நினைக்கிறார்கள். எனது கருத்தில் அதன் முதல் பயன் இல்லாததைக் காட்டுவதுதான். எந்த இடம் காலியாக இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்படி அடுக்கிவிட்டால், புதிய காசு எது என்பதைத் தேடித் திரிய வேண்டியதில்லை. 1950 முதல் இன்றுவரை வெளியான குடியரசு நாணயங்களை இவ்வாறு அடுக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

தேவையான பொருள்கள் அதிகமில்லை. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு, ஒரு சாதாரணக் காந்தம், அளவுகோல், மேசை மீது விரிக்க ஒரு மெல்லிய துணி ஆகியவை போதும். ஆல்பத்தை இப்போதே வாங்க வேண்டாம். முதலில் ஆல்பத்தை வாங்கிவிட்டால், அதன் பைகளின் அளவும் எண்ணிக்கையும் நம்முடைய வகைபிரிப்பைத் தீர்மானிக்கத் தொடங்கிவிடும்.

டப்பாவைக் கொட்டியவுடன் பலரும் செய்வது, காசுகளைப் பளபளப்பாக்குவது. பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்ப்பதைப் போலக் காசையும் தேய்த்துவிடுகிறார்கள். புளியும் எலுமிச்சையும் அமிலம்; திருநீறும் சாம்பலும் உராயும் பொடி. இவை அழுக்கோடு சேர்த்து உலோகத்தின் மேற்பரப்பையும் எடுத்துவிடும், அதன்பின் அந்தக் காசின் சேகரிப்பு மதிப்பு திரும்ப வராது. மண்ணோ பிசுக்கோ இருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து உலர்த்தினால் போதும். காசை எப்போதும் விளிம்பில் பிடித்தே தூக்க வேண்டும். விரல் வியர்வையின் தடம் சில மாதங்களில் கறையாக எழும்பும்.

முதல் பிரிப்பு காலத்தை வைத்துச் செய்யப்பட வேண்டும். குடியரசின் முதல் நாணயங்கள் 1950 ஆகஸ்ட் 15இல் வெளியாயின. அரசரின் தலை இருந்த இடத்தில் அசோகரின் சிங்கத் தூண் வந்தது. அப்போதும் கணக்கு பழைய முறைதான்: ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் நூறு பங்காகப் பிரிக்கப்பட்டது. பழைய பைசாவோடு குழப்பம் வராமலிருக்கப் புதியதை 'நயா பைசா' என்று அழைத்தார்கள். 1964 ஜூன் 1 முதல் 'நயா' நீக்கப்பட்டது. ஆகவே அணா வரிசை, நயா பைசா வரிசை, அதற்குப் பிந்தைய பைசா வரிசை என்று மூன்று குவியல்கள் தாமாகவே பிரிந்துவிடும். நான்காவது குவியலாக 2011இல் ரூபாய்க் குறியீடு பொறிக்கப்பட்டு வரத் தொடங்கிய காசுகளையும், ஐந்தாவதாக 2019 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட இப்போதைய வரிசையையும் வைத்துக்கொள்ளலாம். 2022 ஜூன் 6இல் வெளியிடப்பட்ட, சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டுச் சின்னம் தாங்கிய 1, 2, 5, 10, 20 ரூபாய்க் காசுகளைச் சிலர் நினைவு நாணயங்களோடு வைக்கிறார்கள். அவை அன்றாடப் புழக்கத்துக்கென முழு வரிசையாக வந்தவை என்பதால் ஐந்தாவது குவியலின் துணைப்பிரிவாக வைப்பதே பொருத்தம்.

இரண்டாவது பிரிப்பு முகமதிப்பை, அதாவது காசில் பொறித்த தொகையை வைத்தும், மூன்றாவது பிரிப்பு உலோகத்தையும் வடிவத்தையும் வைத்தும் அமையும். இந்த மூன்றாவது படியைப் பலர் தாண்டிவிடுவதால்தான் பின்னால் குழப்பம் வருகிறது. ஒரு ரூபாயை மட்டும் எடுத்துப் பாருங்கள். 1975 முதல் 1982 வரை வந்தது செப்பு-நிக்கல் கலவையில் 8 கிராம், 28 மில்லிமீட்டர். 1983 முதல் 1991 வரை அதே கலவையில் 6 கிராம், 26 மில்லிமீட்டர். 1992 முதல் துருப்பிடிக்காத எஃகில், ஏறத்தாழ 4.85 கிராம், 25 மில்லிமீட்டர். மூன்றிலும் தானியக் கதிர் இருப்பதால் அவசரத்தில் ஒன்றுபோலத் தோன்றும். தராசு அவற்றை ஒரு நொடியில் பிரித்துவிடும். காந்தமும் அப்படியே உதவும். எஃகுக் காசு காந்தத்தில் ஒட்டும்; செப்பு-நிக்கல் ஒட்டாது; அலுமினியமும் ஒட்டாது. ஆனால் 1950களின் தொடக்கத்திலும் 1960களிலும் வந்த கனமான ஒரு ரூபாய்க் காசுகள் தூய நிக்கலால் ஆனவை, நிக்கலும் காந்தத்தில் ஒட்டும். எனவே காந்தத்தில் ஒட்டினால் எஃகு என்று முடிவுகட்டாமல் ஆண்டையும் எடையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் இதே கவனம் வேண்டும். இரண்டின் குறுக்களவும் 27 மில்லிமீட்டர். இரண்டும் இரு உலோகக் காசுகள். பத்தில் வெளிவளையம் மஞ்சள், நடுப்பகுதி வெள்ளை. இருபதில் அது தலைகீழாக, வெளிவளையம் வெள்ளை, நடு மஞ்சள். இருபது ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கங்கள் இருப்பதால் விரலால் தடவியே கண்டுகொள்ளலாம்.

நினைவு நாணயங்களை எங்கே வைப்பது என்பதே வகைபிரிப்பில் மிகவும் விவாதிக்கப்படும் கேள்வி. 1964இல் நேரு மறைவை ஒட்டி வந்த 50 பைசாவும் ஒரு ரூபாயும் இந்த வகையின் தொடக்கம். 1969இல் காந்தி நூற்றாண்டு. அதன்பின் 1990களின் இரண்டு ரூபாயைப் பார்த்தால் அதன் பாதி வாழ்வே நினைவு நாணயங்கள் என்று தோன்றும்: 1996இல் படேல், 1997இல் நேதாஜி, 1999இல் சத்ரபதி சிவாஜி, 2000இல் உச்ச நீதிமன்றப் பொன்விழா, 2003இல் ரயில்வேயின் 150 ஆண்டுகள். பதினொரு பக்கம் கொண்ட அதே உருவத்தில் இந்திய வரைபடம் பொறித்த சாதாரணக் காசும் அந்த ஆண்டுகளில் ஓடிக்கொண்டிருந்தது. இவற்றை 'தலைவர்கள்', 'நிறுவனங்கள்', 'உணவும் வேளாண்மையும்' என்று பொருள்வாரியாகப் பிரிக்க ஆசை எழுவது இயல்பு. ஆனால் மீன்வளத்தைப் போற்றும் 1986ஆம் ஆண்டு 50 பைசா ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வரிசையைச் சேர்ந்ததா, தொழில் என்ற தலைப்பைச் சேர்ந்ததா என்ற கேள்வி உடனே வரும். இத்தகைய காசுகள் பெருகப் பெருக, ஒரு காசைத் தேடி மூன்று பக்கங்களைப் புரட்ட வேண்டியதாகிவிடும்.

நான் பரிந்துரைக்கும் விதி இதுதான்: ஒரு காசுக்கு ஆல்பத்தில் ஒரே இடம், அந்த இடத்தைக் காலமும் முகமதிப்பும் மட்டுமே முடிவு செய்யும். பொருள், ஆள், ஊர், நிகழ்ச்சி எல்லாம் பதிவேட்டின் பத்திகளில் இருக்கட்டும். தமிழகத் தொடர்புள்ளவற்றை மட்டும் ஒன்றாகப் பார்க்க விரும்பினால், 1995இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டித் திருவள்ளுவர் உருவத்தோடு 2 ரூபாயிலும் 5 ரூபாயிலும் வந்தவை, 2003இன் காமராசர், தமிழ்க் கையெழுத்தைத் தாங்கிய 2009இன் அண்ணா, 2010இன் தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாண்டு என்று பதிவேட்டில் 'தமிழகம்' என்ற சொல்லைத் தேடினாலே அனைத்தும் வரிசையாக வந்துவிடும். காசுகளை இடம் மாற்றவே தேவையில்லை.

பதிவேட்டைக் கணினி விரிதாளிலோ நீள நோட்டிலோ வைத்துக்கொள்ளலாம். முகமதிப்பு, காசில் உள்ள ஆண்டு, வெளியான ஆண்டு, நாணயச்சாலை, உலோகம், எடை, பொருள், நிலை, கிடைத்த வழி ஆகியவை பத்திகளாக இருந்தால் போதும். காசில் உள்ள ஆண்டையும் வெளியான ஆண்டையும் தனித்தனியே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காந்தி நூற்றாண்டுக் காசுகளில் 1869-1948 என்று மட்டுமே இருக்கும். 1969 என்பதை அதில் எங்கும் காண முடியாது. முதல் பத்து ரூபாய்க் காசுகளில் 2005 என்று பொறிக்கப்பட்டிருந்தாலும் அவை மக்கள் கைக்கு வந்தது 2009இல்தான்.

இனி நாணயச்சாலைக் குறிக்கு வருவோம். சேகரிப்பாளர்கள் 'மின்ட் மார்க்' என்று சொல்வது இதைத்தான். பெரும்பாலான காசுகளில் ஆண்டு எண்ணின் கீழே இது இருக்கும். மும்பைக்குச் சாய்சதுரம், ஹைதராபாத்துக்கு ஐந்துமுனை நட்சத்திரம், நொய்டாவுக்கு வட்டப் புள்ளி, கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. ஹைதராபாத்தின் பழைய காசுகளில் பிளந்த சாய்சதுரமும் நடுவில் புள்ளி வைத்த சாய்சதுரமும் காணப்படும் என்பதால் அவற்றை மும்பைக்கு எழுதிவிடக் கூடாது.

லென்ஸின் கீழ் ஒரு தேய்ந்த காசை வைத்துப் பார்த்தால் இந்த நான்கு வரி விதி எவ்வளவு எளிதில் தடுமாறும் என்பது புரியும். சாய்சதுரத்தின் நான்கு முனைகளும் தேய்ந்துவிட்டால் அது நொய்டாவின் புள்ளியைப் போலவே தோன்றும். அப்போது காசை நேர் வெளிச்சத்தில் பார்க்காமல், ஒரு பக்கமாகச் சாய்த்து, வெளிச்சம் படுக்கைவாட்டில் விழும்படி பிடித்து மெல்லத் திருப்ப வேண்டும். சாய்சதுரமாக இருந்தால் நிழல் ஒரு முனையில் கூர்மையாகி மறையும். புள்ளியாக இருந்தால் நிழல் பிறைபோல ஒரே சீராகச் சுற்றிவரும். குறி அறவே தேய்ந்து போயிருந்தால் அந்தக் காசைக் கொல்கத்தா என்று எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது தவறு. குறி இல்லாமல் அடிக்கப்பட்டதும் குறி தேய்ந்து போனதும் வேறு வேறு. ஐயமிருந்தால் கேள்விக்குறி போட்டுவிட்டுத் தெளிவான காசு கிடைக்கும்வரை காத்திருப்பதே நேர்மையான பதிவு.

உள்நாட்டு ஆலைகளால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாத காலங்களில் அரசு வெளிநாடுகளிலும் காசு அடித்து வாங்கியது. 1985ஆம் ஆண்டு ஒரு ரூபாயில் ஆண்டின் கீழே ஆங்கில 'எச்' எழுத்து இருந்தால் அது பர்மிங்காமின் ஹீட்டன் ஆலையில் அடிக்கப்பட்டது. அதே ஆண்டில் 50 பைசா தென்கொரியாவிலும் 25 பைசா கனடாவின் ஒட்டாவாவிலும் அடிக்கப்பட்டன. 1990களின் இறுதியில் மெக்சிகோ, ஸ்லோவாக்கியாவின் கிரெம்னிட்சா, மாஸ்கோ ஆகிய இடங்களிலிருந்தும் காசுகள் வந்தன. 1999, 2000 ஆண்டுகளின் ஐந்து ரூபாயில் மூன்று ரஷ்ய எழுத்துகள் கொண்ட குறியைக் கண்டால் அது மாஸ்கோவில் பிறந்தது. இவையெல்லாம் பெரும் விலைக்குப் போகும் அபூர்வங்கள் அல்ல. ஆனால் சில்லறையைப் புரட்டும்போது தற்செயலாக இவற்றில் ஒன்று அகப்படுவதில் தனி மகிழ்ச்சி இருக்கிறது.

இத்தனையும் தெரிந்த பிறகு ஒவ்வொரு முகமதிப்புக்கும் ஒரு கட்டம் வரைய வேண்டும். இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஆண்டுகள். மேலே இடமிருந்து வலமாக மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா, வெளிநாடு. காசு நல்ல நிலையில் இருந்தால் அதன் ஆண்டும் ஆலையும் சந்திக்கும் சிறுகட்டத்தை நிரப்புங்கள். தேய்ந்த காசாக இருந்தால் சிறு வட்டம் போடுங்கள், நல்லது கிடைத்ததும் நிரப்பிக்கொள்ளலாம். அந்த ஆண்டில் அந்த ஆலையில் அடிக்கப்படவே இல்லை என்பது உறுதியானால் குறுக்குக்கோடு. இன்னும் கிடைக்காததற்கு வெற்றிடம். கோட்டுக்கும் வெற்றிடத்துக்கும் உள்ள வேறுபாட்டில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. நொய்டா ஆலை 1988இல் உற்பத்தியைத் தொடங்கியதால், 1975இல் தொடங்கும் ஒரு ரூபாய்க் கட்டத்தில் அதன் பத்தியின் மேற்பகுதியைக் கோடிட்டு மூடிவிடலாம். இல்லாவிட்டால் பிறக்காத காசைத் தேடி ஆண்டுகளைக் கழிக்க நேரிடும். எந்த ஆலை எந்த ஆண்டு எதை அடித்தது என்பதை நியூமிஸ்டா போன்ற இணையப் பட்டியல்களில் சரிபார்க்கலாம். வணிகர்கள் தங்கள் பட்டியலில் கே.எம். எண் என்று குறிப்பிடும் உலகப் பொது எண்ணையும் பதிவேட்டில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிட்டால், வெளியூர்க்காரரிடம் காசு கேட்கும்போது விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

கட்டம் தயாரான பிறகே ஆல்பம் வாங்க வேண்டும். பிவிசி நெகிழியால் செய்த பைகளைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் உள்ள மென்மையூட்டும் வேதிப்பொருள் நாளடைவில் கசிந்து செப்புக் கலவைக் காசுகளின் மேல் பசைபோன்ற பச்சைப் படலத்தை உண்டாக்கும். வாங்கும்போதே கடுமையான நெகிழி வாடை அடித்தால் அதைத் திருப்பிக் கொடுப்பதே நல்லது. ஒவ்வொரு காசையும் சன்னல் வைத்த அட்டையில் வைத்து, ஊசி அடித்து, அட்டையின் ஓரத்தில் பதிவேட்டு எண்ணைப் பென்சிலால் எழுதி, அதன்பின் ஆல்பத்தில் செருகலாம். வெற்றிடங்களுக்கும் ஒரு காலி அட்டையை ஆண்டும் குறியும் எழுதிச் செருகிவிடுங்கள். கடலோர ஊர்களில் ஈரப்பதம் அதிகம் என்பதால் அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இருக்கட்டும்.

புதிய வரவுகளைக் கண்டறிய இரண்டு வழிகளில் கவனம் வைக்க வேண்டும். ஒன்று அன்றாடப் புழக்கம். வாரம் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அதுவரை வந்த சில்லறையை மொத்தமாகக் கட்டத்தோடு ஒப்பிடுங்கள். கடைவாசலில் நின்றுகொண்டு ஒவ்வொரு காசையும் திருப்பிப் பார்ப்பது பின்னால் நிற்பவர்களுக்குத் தொல்லை. கைப்பேசியில் கட்டத்தின் படம் ஒன்றை வைத்துக்கொண்டால், மளிகைக்கடைக்காரர் சில்லறைப் பையைப் புரட்ட அனுமதிக்கும் நல்ல வேளையில் அது உதவும். 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவையாகிவிட்டதால் அவற்றைப் புழக்கத்தில் தேடிப் பயனில்லை. பழைய வீடுகளின் உண்டியல்களும் நாணயக் கண்காட்சிகளில் கிலோக் கணக்கில் விற்கும் கலவைக் குவியல்களும்தான் அவற்றுக்கு வழி. பத்து ரூபாய்க் காசு செல்லாது என்று தமிழகக் கடைகளில் கிளம்பிய வதந்தியால் அவற்றைத் தள்ளிவிட்டவர்கள் பலர். அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. அந்த 14 என்ற எண்ணிக்கையே உங்கள் பத்து ரூபாய்ப் பக்கத்துக்கு நல்ல தொடக்கப் பட்டியல்.

மற்றொரு வழி அரசின் அறிவிப்புகள். காசு அடிப்பது ஒன்றிய அரசின் பொறுப்பு. ரிசர்வ் வங்கி அதைப் புழக்கத்தில் விடுகிறது. புதிய காசு எதுவானாலும் 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின்கீழ் நிதி அமைச்சகம் அரசிதழில் விதிகளை வெளியிடும். முகமதிப்பு, வடிவம், குறுக்களவு, எடை, உலோகக் கலவை, இரு பக்கங்களின் பொறிப்பு எல்லாம் அதில் இருக்கும். 2023 மே மாதம் நாடாளுமன்றப் புதுக் கட்டடத் திறப்பின்போது வந்த 75 ரூபாய்க் காசை எடுத்துக்கொண்டால், அது 44 மில்லிமீட்டர், 35 கிராம், வெள்ளி பாதி, செம்பு 40 விழுக்காடு, நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து என்பதைக் காசைப் பார்க்காமலேயே பதிவேட்டில் எழுதிவிட முடிந்தது. மாதம் ஒருமுறை மின்னரசிதழ் இணையதளத்தில் நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறை அறிவிப்புகளைப் பார்த்து, புதியவற்றுக்கு உடனே ஒரு காலி அட்டையைச் செருகிவிடுங்கள்.

75, 100, 1000 ரூபாய் போன்ற மதிப்புகளில் வருபவை கடைச் சில்லறையில் ஒருபோதும் வாரா. எம்.ஜி.ஆர். நூற்றாண்டின் 100 ரூபாயும், 'தமிழ் வெல்லும்' என்ற சொற்களோடு 2024 ஆகஸ்டில் சென்னையில் வெளியிடப்பட்ட கலைஞர் நூற்றாண்டுக் காசும் இந்த வகை. இவற்றை நாணயச்சாலைகளை நடத்தும் அரசு நிறுவனமான எஸ்.பி.எம்.சி.ஐ.எல். தன் இணையதளத்தில் முன்பதிவு செய்து, முகமதிப்பைவிடக் கூடுதல் விலைக்கு விற்கிறது. வெளியீட்டு விழாவுக்கும் முன்பதிவுக்கும் இடையே மாதங்கள் கழிவதும் உண்டு. விழா நடந்த மறுநாளே வணிகர் கேட்கும் விலைக்கு வாங்க அவசரப்பட வேண்டாம்.

வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் விலை என்று உலவும் காணொளிகளைப் பதிவேட்டின் விலைப் பத்திக்கு ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். பழைய காசை வாங்குவதாகச் சொல்லி முதலில் கட்டணம் கேட்பவர்கள் தன் பெயரைப் பயன்படுத்துவதாக ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

ஒரே ஆண்டு, ஒரே ஆலைக் காசு இரண்டாவதாகக் கிடைக்கும்போது இரண்டையும் லென்ஸில் ஒப்பிட்டு, தேய்மானம் குறைந்ததை ஆல்பத்தில் வைத்துவிட்டு மற்றதைத் தனி உறையில் இட்டு, அதே பதிவேட்டு எண்ணோடு 'மிகை' என்று எழுதிக்கொள்ளுங்கள். மாற்றிக்கொள்ள யாராவது முன்வரும்போது, உங்கள் கட்டத்தின் வெற்றிடப் பட்டியலையும் இந்த மிகைப் பட்டியலையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால் பேச்சு விரைவில் முடியும்.